யானைக்கால் புழுவும் கேளா ஒலியும்

ஓதம் என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கடல், அலை, ஈரம் எனப் பல பொருள்கள் உண்டு. அகராதியில் அந்தச் சொல்லின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், விரை வீங்கும் நோய் என்னும் பொருளும் அங்கே இருக்கக் காணலாம். கரையில் ஏறும் நீரையும் உடலில் கட்டும் நீரையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தனர் போலும். கிராமங்களில் இதனை அண்டவாதம் என்றும் விரைவாதம் என்றும் சொல்வார்கள். சுகாதாரத் துறையினர் விரைவீக்கம் என்கின்றனர். இத்தனை பெயர்கள் இருந்தும், நோயுற்றவன் வாயிலிருந்து அவற்றுள் ஒன்றும் எளிதில் வெளிவருவதில்லை. வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, சைக்கிள் ஏறுவதை விட்டுவிட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவோர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி யானைக்கால் புழுவினால் விரைவீக்கம் கண்ட ஆண்கள் உலகில் ஏறத்தாழ 2.5 கோடிப் பேர். கால் வீங்கியோர் ஒன்றரைக் கோடிப் பேர்தாம். அதாவது, நோய்க்குப் பெயர் தந்தது கால்; ஆனால் அதிகமாகத் துன்புற்ற உறுப்பு வேறு.

இவ்வுறுப்பின் அமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் பின்னர் வருவது எளிதில் விளங்கும். விரைப்பைக்குள் இரண்டு விரைகள் தொங்குகின்றன. வளர்ந்த ஆணின் விரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ளது. அதன்மேல் போர்த்தினாற்போல் இரண்டு மடிப்பான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மடிப்புகளுக்கிடையே உராய்வைத் தடுக்கும் அளவுக்குச் சிறிது நீர் எப்போதும் இருக்கும். இந்நீர் ஊறுவதும் வடிவதும் சமமாக நடைபெறும் வரை தொல்லை இல்லை. சமநிலை கெட்டால் நீர் தேங்குகிறது, அதுவே விரைவீக்கம். விரையிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் விந்து நாணில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் விந்துக் குழலும் நிணநீர் நாளங்களும் ஒரு கயிற்றின் புரிகள்போல் இணைந்து கிடக்கின்றன. நம் கதையின் கள்வன் குடியிருப்பது இந்த நிணநீர் நாளங்களில்.

தேங்கிய நீரை வடித்துவிடும் முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. சுசுருத சம்கிதை இதற்கென ஊசிபோன்ற ஒரு கருவியையும், நீர் வடிய ஒரு குழலையும், பின்னர்க் கட்டும் கட்டையும் விவரிக்கிறது. ஆனால் வடித்த நீர் மீண்டும் ஊறும். குத்திய இடத்தில் சீழும் பிடிக்கலாம். ஆகவே பிற்கால அறுவை மருத்துவர்கள் நீர்ப்பையையே வெட்டி அகற்றவோ புரட்டித் தைக்கவோ தொடங்கினர். இன்றும் அதுவே சரியான சிகிச்சை.

கத்தி வைக்குமுன் உள்ளே இருப்பது நீர்தானா என்று அறிவது எப்படி? இதற்கு மருத்துவர்கள் கண்ட வழி மிக எளியது. அறையை இருட்டாக்கிவிட்டு, வீக்கத்தின் பின்புறம் ஒரு விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். தெளிந்த நீரானால் பை முழுவதும் செந்நிறமாக ஒளிரும். குடல் இறங்கியிருந்தாலோ கட்டியிருந்தாலோ இருண்டு கிடக்கும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே பார்க்கப் பழகுவதும் இதற்காகவே. செலவில்லாத சோதனை, ஆனால் குறைகள் உள்ள சோதனை. நாள்பட்ட வீக்கத்தில் பையின் சுவர் தடித்துவிட்டால் ஒளி ஊடுருவாது. நீரில் இரத்தமோ பால்போன்ற நிணநீரோ கலந்திருந்தாலும் அப்படியே. ஒளி ஊடுருவினாலும், நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் விரை நலமாக உள்ளதா, அதில் புற்று ஏதும் முளைத்துள்ளதா என்று விளக்கு சொல்லாது. நிணநீர் நாளத்துக்குள் ஒரு புழு நெளிவதை அது காட்டும் என்று எதிர்பார்ப்பதற்கே இடமில்லை.

புழு கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு விரைப்பையிலேயே தொடங்குகிறது என்பது பலர் அறியாத செய்தி. 1863இல் பாரிஸ் நகர அறுவை மருத்துவர் தெமார்க்கே, கியூபாவின் ஹவானாவிலிருந்து வந்திருந்த ஒருவரின் விரைவீக்கத்திலிருந்து பால்போன்ற நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் நுண்ணிய புழுக்குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. 1866இல் பிரேசிலில் வுக்கரர் அதே குஞ்சுகளை நோயாளியின் சிறுநீரில் கண்டார். 1872இல் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் அவற்றை மனித இரத்தத்தில் கண்டார். தாய்ப்புழுவைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் ஜோசப் பான்கிராஃப்ட். 1876இல் ஒருவரின் கையில் இருந்த நிணநீர்ச் சீழ்க்கட்டியில் செத்த புழு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன்பின் உயிருள்ள புழுக்கள் கிடைத்த இடம் மற்றொருவரின் விந்து நாணில் இருந்த நீர்க்கட்டி. வுக்கரேரியா பான்கிராஃப்டி என்று அப்புழுவுக்கு இருவர் பெயரும் சேர்ந்து அமைந்தது. முதலில் கண்ட தெமார்க்கேயின் பெயர் அதில் இல்லை!

1877இல் சீனாவின் ஆமாய் துறைமுகத்தில் பணிபுரிந்த பாட்ரிக் மான்சன், இரத்தத்தில் உள்ள குஞ்சுகளைக் கொசு உறிஞ்சிக்கொள்கிறது என்றும், கொசுவின் உடலில் அவை வளர்கின்றன என்றும் காட்டினார். குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவுகின்றன என்பதையும் அவரே வெளிப்படுத்தினார். இதனால்தான் யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பு என்றாலே இரவு வேலை என்றாயிற்று. எட்டு மணிக்கு மேல் கிராமத்துக்குச் சென்று, உறங்கப் போகிறவர்களின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்து வருவது பல தலைமுறைச் சுகாதாரப் பணியாளர்களின் அன்றாடப் பணியாக இருந்தது.

1947இல் இப்புழுவுக்கு மருந்து கிடைத்தது. அதனை உருவாக்கிய அமெரிக்க லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லப்பிரகட சுப்பாராவ். டைஎதில்கார்பமசின் என்னும் அம்மருந்து இரத்தத்தில் உள்ள குஞ்சுகளை விரைவில் அழித்தது. ஆனால் தாய்ப்புழு? அது நிணநீர் நாளத்துக்குள் ஒளிந்து ஐந்தாறு ஆண்டுகளோ அதற்கு மேலோ உயிர் வாழ்கிறது. மருந்து அதனைக் கொன்றதா, மயக்கியதா, தொடவே இல்லையா? அறுத்துப் பார்த்தாலன்றி அறிய வழியில்லை. பான்கிராஃப்டின் காலத்திலிருந்து நூறாண்டுகளுக்கு மேல் இந்த நிலையே நீடித்தது.

இனி ஒலியின் பக்கம் வருவோம். மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில் உள்ள யானைமலை போன்ற ஒரு பெரும் பாறையின் முன் நின்று கூவினால், ஒலி பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்ப இரண்டு விநாடி பிடித்தால் பாறை சுமார் 340 மீட்டர் தொலைவில் உள்ளது என்று கணக்கிடலாம். கேளா ஒலிக் கருவி செய்வதும் இதே கணக்குத்தான். மனித உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 3 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப ஆகும் நேரம் ஒரு விநாடியை லட்சம் கூறாக்கினால் அதில் நான்கு கூறு. ஒலியை எழுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் ஒரே படிகம். அழுத்தினால் மின்சாரம் தருகின்ற, மின்சாரம் கொடுத்தால் அதிர்கின்ற அத்தகைய படிகங்களின் தன்மையை 1880-81இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட லாஞ்ச்வான் அதனைப் பயன்படுத்தினார். 1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் வயிற்றுக் கட்டிகளை இவ்வகை எதிரொலியால் படமெடுத்து வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1974இல் கனடாவில் மிஸ்கினும் பெயினும் இதே முறையால் விரைகளைச் சோதித்து எழுதினர்.

விரைப்பை இந்தக் கருவிக்கென்றே அமைந்த உறுப்பு எனலாம். மேலோட்டமாக உள்ளது, எலும்பு குறுக்கிடவில்லை, காற்று இல்லை. ஒலியின் அதிர்வெண் கூடக் கூடப் படத்தின் நுட்பம் கூடும். ஆனால் அது ஊடுருவும் ஆழம் குறையும். வயிற்றுக்குள் பார்க்க 3.5 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் தேவை. சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள விரைப்பைக்கு 7.5 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் பயன்படுத்தலாம். இங்கே ஒரு சிறு கணக்கு. 1540 மீட்டரை 75 லட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் அலைநீளம் 0.2 மில்லிமீட்டர். யானைக்கால் பெண் புழுவின் நீளம் 8 முதல் 10 செ.மீ.; பருமனோ ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். தையல் நூல் போன்ற அப்புழுவும் அந்த ஒலியலையும் கிட்டத்தட்ட ஒரே அளவின! இதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்ணில் புழு கண்ணில் படாமலே போயிருக்கும். இந்த அளவிலும் அசையாமல் கிடந்திருந்தால் அதனை அடையாளம் காண்பது அரிது. அதனைக் காட்டிக்கொடுத்தது அதன் அசைவே.

பிரேசிலின் ரெசிஃபே நகரம் யானைக்கால் நோய்க்குப் பெயர் போனது. அங்கு அமரால், ஜெருசா ட்ரையர், நோரோயஸ் முதலியோர், இரத்தத்தில் குஞ்சுகள் உள்ள, ஆனால் வேறெந்த நோய்க்குறியும் இல்லாத ஆண்களின் விரைப்பையைக் கேளா ஒலியால் ஆராய்ந்தனர். விந்து நாணில் இருந்த நிணநீர் நாளங்கள் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருந்தன. இயல்பாக அவை படத்தில் தென்படவே கூடாத அளவு மெல்லியவை. விரிந்த நாளத்துக்குள் ஏதோ ஒன்று இடைவிடாமல், ஒழுங்கின்றித் துடித்து நெளிந்துகொண்டிருந்தது. இதயத் துடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே இரத்த ஓட்டமன்று. அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது உயிருள்ள புழுக்கள் சிக்கலாகக் கிடந்தன. 1994இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்குப் ‘புழு நடனம்’ என்று பெயரிட்டார்கள். நடனம் என்பது சற்று மிகையான பெயர். திரையில் காண்பதற்கு அது கொதிக்கும் உலையில் அரிசி புரள்வதைப்போல் இருக்கும். புழுக்களின் கிடப்போ இடியாப்பச் சிக்கல்.

சென்னையிலும் இது விரைவில் உறுதியாயிற்று. மீடிஸ்கான் நிறுவனத்தின் எஸ். சுரேஷ், காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. குமாரசுவாமி முதலியோர் அடங்கிய குழு, வெளிக்குத் தெரியாத யானைக்கால் நோயைக் கேளா ஒலியால் கண்டறிவது பற்றி 1997இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. கர்ப்பிணிகளுக்கான கருவி என்றே நம் மக்கள் எண்ணிக்கொண்டிருந்த ஸ்கேன், தமிழ்நாட்டு ஆணின் உடலில் நூறாண்டுப் புதிரின் விடையைக் காட்டியது.

அந்த விடைகள் சிலவற்றைக் கேட்டால் வியப்பு மேலிடும். முதலாவது, நோயின் தொடக்கம் பற்றியது. கால் வீங்கிய பின்னரோ விரை வீங்கிய பின்னரோ நோய் வந்ததாக நாம் எண்ணி வந்தோம். நலமாக உழுதுகொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் இருக்கும் இளைஞனின் நிணநீர் நாளங்கள் அதற்கு வெகுமுன்பே விரிந்து சேதமுற்றிருக்கின்றன என்பதைத் திரை காட்டியது. இரண்டாவது, புழுக்கள் ஊர் சுற்றுவதில்லை. மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் பார்த்தபோதும் அதே நாளத்தில் அதே இடத்தில் அவை கூடு கட்டினாற்போல் கிடந்தன. இதனால் ஒரு பெரும் வசதி உண்டாயிற்று. மருந்து கொடுக்குமுன் ஒருமுறை, கொடுத்தபின் ஒருமுறை அதே இடத்தைப் பார்த்தால் போதும். நடனம் நின்றதா தொடர்கிறதா என்று தெரிந்துவிடும். உயிருள்ள மனிதனை அறுக்காமலே, அவனுள் இருக்கும் புழுவின் மீது மருந்தைச் சோதிக்கலாம்.

சோதித்தார்கள். சுப்பாராவின் மருந்து சில புழுக்களைக் கொன்றது, சிலவற்றைக் கொல்லவில்லை. புழு செத்த இடத்தில் சிறு கட்டி எழும்பி வலிப்பதும் இப்போது விளங்கிற்று. மருந்து உண்டபின் விரை வலிக்கிறது என்று அஞ்சி மாத்திரையை எறிந்தவர்கள் உண்டு. அவ்வலி பெரும்பாலும் புழு செத்ததன் அடையாளமே. ஐவர்மெக்டின் என்னும் மருந்தின் கதை வேறு. இரத்தத்தில் உள்ள குஞ்சுகளை அது அடியோடு துடைக்கிறது. தாய்ப்புழுவோ அதிக அளவு மருந்துக்கும் அசையாமல், அல்ல, அசைந்துகொண்டே இருந்தது. பின்னர், புழுவின் உடலுக்குள் அதற்கு வேண்டிய ஒரு பாக்டீரியா வாழ்வதை அறிந்து, அதனைக் கொல்லும் டாக்சிசைக்ளினை எட்டு வாரம் கொடுத்து டான்சானியாவில் ஆய்ந்தார்கள். மருந்து உண்ட பெரும்பாலோரிடம் நடனம் நின்றுபோனதைக் கேளா ஒலி காட்டிற்று. இது 2005இல் வெளியான முடிவு.

இனி மதுரையின் பங்கு. மதுரைச் சமவெளி யானைக்கால் நோய்க்குப் பெயர் பெற்ற பகுதியன்று. செங்கற்பட்டு, ஆற்காடு, தஞ்சைப் பக்கங்களே அந்நோயின் பழைய உறைவிடங்கள். ஆனால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு மதுரைச் சாக்கடையிலும் தாராளமாக உண்டு. கொசுக்களைப் பற்றி ஆராயவென்றே 1985இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. சின்ன சொக்கிகுளத்தில் இயங்கிய அம்மையத்தினர், இயக்குநராக இருந்த ரேச்சல் ரூபன் அம்மையாரின் காலத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் யானைக்கால் நோய் பற்றிய நீண்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கினர். சில கிராமங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை மருந்து மட்டும் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் மருந்தோடு கொசுவையும் ஒழித்தார்கள்.

கொசு ஒழிப்புக்கு அவர்கள் கையாண்ட பொருள்களுள் ஒன்று பாலிஸ்டைரீன் மணிகள். நாம் தெர்மோகோல் என்கிறோமே, அதன் சிறு உருண்டைகள். 2017இல் வைகை அணையின் மேல் தெர்மோகோல் பரப்பி, அது காற்றில் கரை ஒதுங்கிய செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் இதனைக் கேட்டும் சிரிக்கக்கூடும். ஆனால் மூடிய கழிவுநீர்க் குழியிலும் பயனற்ற கிணற்றிலும் காற்று வீசுவதில்லை. மணிகள் நீரின்மேல் கெட்டியான ஓர் ஆடைபோல் படர்ந்து கிடக்கும். கொசு முட்டையிட முடியாது. உள்ளே இருக்கும் புழுக்கள் மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகும். நஞ்சில்லை, ஆண்டுக்கணக்கில் கெடுவதுமில்லை.

மருந்து கொடுத்த காலத்தில் இரு வகைக் கிராமங்களிலும் நோய் குறைந்தது. மருந்தை நிறுத்திய பின் வந்த ஆண்டுகளில்தான் வேற்றுமை புலப்பட்டது. மருந்து மட்டும் கொடுத்த ஊர்களில் நோய்ப் பரவல் மீண்டும் தலைதூக்கியது. கொசுவையும் அடக்கிய ஊர்களில் பெற்ற பயன் நிலைத்தது. இம்முடிவுகள் 2007இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன.

ஏன் இப்படி என்பதற்கு, ரெசிஃபேயின் திரையில் ஆடிய புழுக்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஊரார் இரத்தத்தில் குஞ்சுகள் அற்றுவிட்டன. நள்ளிரவில் விரல் குத்திப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் சிலரின் விந்து நாணில் தாய்ப்புழுக்கள் சாகாமல் காத்துக்கிடக்கின்றன. மருந்து நின்று சில மாதங்களில் அவை மீண்டும் குஞ்சு பொரிக்கும். கொசு இருந்தால் அவை அடுத்த வீட்டுக்குப் பயணமாகும். கொசு இல்லாவிட்டால் தாய்ப்புழு மூப்படைந்து, வாரிசின்றிச் சாகும். ஒரு குழுவினர் விரைப்பையைப் பார்த்தனர். மற்றொரு குழுவினர் கழிவுநீர்க் குழியைப் பார்த்தனர். இரண்டும் ஒரே உண்மையின் இரு முனைகள் என்பதே என் துணிபு. 2004 முதல் நாடெங்கும் நடந்த கூட்டு மருந்து வழங்கலில், ஒரே ஆண்டோடு நிறுத்தாமல் பல ஆண்டு தொடர்ந்து மாத்திரை தந்ததற்கும் காரணம் இதுவே: தாய்ப்புழுவின் ஆயுள் முடியும் வரை குஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் கருவியை ஊர் ஊராகக் கொண்டு சென்று எல்லா ஆண்களையும் பார்த்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். பெட்டி அளவிலும் பை அளவிலும் கருவிகள் வந்துவிட்டன. தடை அறிவியலில் இல்லை. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக் கொலை நடப்பதாக 1986இல் வெளியான செய்தி நாட்டையே உலுக்கியது. சிசுக் கொலையைத் தொடர்ந்து, கருவிலேயே பெண்ணென்று கண்டு அழிக்கும் கொடுமைக்கு ஸ்கேன் துணைபோயிற்று. அதனைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. இதன்படி கேளா ஒலிக் கருவி எதுவாயினும், எந்த இடத்தில் யார் பயன்படுத்துவது என்று பதிவு செய்தாக வேண்டும். ஆண்களை மட்டும் சோதிக்கும் கருவி என்று சொல்லித் தப்ப முடியாது; அதே கருவி கருப்பையையும் காட்டுமல்லவா? பெண் குழந்தைகளைக் காக்க வந்த இச்சட்டம் தேவையானதே. அதன் ஒரு விளைவு, கருவி நோயாளியைத் தேடிப் போவது அரிதாகி, நோயாளியே கருவியைத் தேடி வரவேண்டியிருக்கிறது.

வருபவருக்குச் சோதனை மிக எளிது. படுக்க வைத்து, துணியால் தாங்கல் கொடுத்து, பசைபோன்ற நீர்மம் தடவிக் கருவியின் முனையை மெல்ல நகர்த்துவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. திரையில் நலமான விரை சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். நீர் கருமையாகத் தெரியும். விரைக்குள் வேறு நிறத் திட்டு தென்பட்டால் புற்றோ என்று ஆராய்வார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து வளைந்த சிரைகள் தென்பட்டால், குழந்தைப்பேறு தாமதமாவதற்கு அவை காரணமாக இருக்கலாம். டாப்ளர் முறையால் இரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். இது மிக முக்கியமானது. இளைஞர்களுக்குத் திடீரென விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடுவதுண்டு. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் விரை பெரும்பாலும் பிழைக்கும். வெட்கப்பட்டு விடியட்டும் என்று கிடந்தால் அதனை அகற்றும்படி ஆகிவிடும். இங்கே கருவியைவிடக் கடிகாரமே முக்கியம். அறிகுறி தெளிவாக இருந்தால் மருத்துவர்கள் ஸ்கேனுக்கும் காத்திருப்பதில்லை.

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் யானைக்கால் நோய்க்கான கூட்டு மருந்து வழங்கல் முடிந்துவிட்டது. புதிய தலைமுறையின் இரத்தத்தில் குஞ்சுகளைக் காண்பது அரிது. ஆயினும் புழு இறந்த பின்பும் அது விரித்துவிட்ட நிணநீர் நாளம் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. இளமையில் புழுவைச் சுமந்தவர்களுள் சிலருக்கு, அது செத்துப் பல ஆண்டுகள் கழித்தும் விரையில் நீர் கட்டலாம். மருந்து வழங்கல் நின்றுபோன மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளிலும் விரைவீக்க அறுவைக்கு இன்னும் ஆண்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.